இருபத்தெட்டு நாள் ஈரம்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஊரில் மற்றவர்கள் துணி எடுக்க ஓடுவார்கள். பச்சையப்பன் கல் மூட ஓடுவார். முப்பது வருஷமாகச் செங்கல் காளவாயில் கல் அறுத்தவர். அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல்லின் மேல் நாலு தூறல் விழுந்தால் மூலை மழுங்கிவிடும். நல்ல மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துப் பாடு திரும்பவும் சேறாகிவிடும். அதனால் சோற்றில் கை வைத்திருந்தாலும் வடக்கே கறுத்தால் எழுந்துவிடுவார், கையைக்கூடக் கழுவ மாட்டார், ஓலைத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கலியாணத்தன்றே மணையிலிருந்து எழுந்து ஓடினவர் என்று அவர் மனைவி கலியம்மாள் சொல்லிக்கொண்டிருப்பாள். அது பொய். தாலி கட்டி முடித்த பிறகுதான் ஓடினார்.

இப்படிப்பட்ட ஆளிடம் வந்து, கல்லை இருபத்தெட்டு நாள் நனைத்துக்கொண்டே இரு என்று ஒருவர் சொன்னார். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

குருவிநத்தத்தில் முந்தின வருஷம் கார்த்திகையில் ஆறு கரை புரண்டு, கரையோரம் இருந்த பதினேழு குடிசைகளையும், பச்சையப்பனுடையதையும் சேர்த்து, வழித்துக்கொண்டு போயிருந்தது. ஆள் சேதம் இல்லை. பதினேழு குடும்பமும் மேட்டுப் புறம்போக்கில் கீற்றை மறைத்துக்கொண்டு கிடந்தார்கள். வீடு கட்டித் தருகிறோம் என்று எழுதிப் போனவர்கள் போனவர்கள்தான். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கிக்கொண்டு கியூவில் நிற்க வேண்டிய காலம் அது. செங்கல்லுக்குக் காளவாய் எரிக்க வேண்டும், எரிக்க விறகில்லை. சுற்றுவட்டாரத்தில் வெட்டுகிற மாதிரி இருந்த மரத்தையெல்லாம் காளவாய்களே தின்று தீர்த்திருந்தன. அதில் பச்சையப்பனுக்கும் பங்கு உண்டு.

அப்போதுதான் சூசைநாதன் வந்தார். புதுச்சேரிக்காரர், சின்ன வயசு, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இஞ்சினியராகப் போட்டிருந்தார்கள். மாட்டு வண்டியில் ஓர் இரும்பு மிஷினைக் கொண்டுவந்து மேட்டில் இறக்கினார். மேலே நீளமாக ஒரு கைப்பிடி, கீழே ஒரு பெட்டி. அவ்வளவுதான் மிஷின்.

"காளவாய் வேணாம், வெறகு வேணாம், சிமெண்ட் வேணாம்" என்றார். "ஆத்துப் படுகை மண்ணு, பாகூர் ரைஸ் மில்லுல மலையாட்டம் கொட்டிக் கெடக்குற உமிச்சாம்பல், கிளிஞ்சல் சுண்ணாம்பு. மூணையும் கலந்து இதுல போட்டு அழுத்தினா கல்லு."

"வேவாத கல்லு மழைக்கு நிக்குமா சார்?" என்று பச்சையப்பன் கேட்டார்.

"நிக்கும். சாம்பலும் சுண்ணாம்பும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிக்கும். பிடிக்கிறதுக்கு ஈரம் வேணும். நெழல்ல அடுக்கி, வைக்கோலப் போட்டு மூடி, ஒரு நாளைக்கு மூணு வேளை தண்ணி தெளிக்கணும். இருபத்தெட்டு நாளு. நடுவுல வெயில்ல காய்ஞ்சிட்டா பிடிப்பு அங்கியே நின்னுடும். அப்பறம் அது வெறும் மண்ணுதான்."

பச்சையப்பன் தலையை ஆட்டினார். சார் போன பிறகு கலியம்மாளிடம் சொன்னார்: "நல்ல புள்ள. கல்லப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல."

மேட்டில் கல் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் முதல் வீடு அவருக்கு என்று முடிவானது. அந்த வீடு ஒரு மழைக்காலம் நின்று காட்டினால் மற்றப் பதினாறும் அதே கல்லில் எழும்பும். பெரிய இஞ்சினியர் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் பதினாறு குடும்பமும் வேலைக்கு வந்தது. அவர்களில் ஒருவனான நடேசன் தன் வண்டியைக் கட்டிக்கொண்டு பாகூருக்கும் ஊருக்குமாகச் சாம்பல் அடித்தான். இறக்கிவிட்டு நின்றால் புருவம், மீசை எல்லாம் சாம்பல். அவன் மகளே ஒரு நாள் அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டாள்.

கலியம்மாளுக்கு வேறொரு அவசரமும் இருந்தது. மகள் வசந்தாவை ஏம்பலத்தில் கொடுத்திருந்தார்கள், கரும்பு வெட்டுகிற குடும்பம். தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைத்து வரப் போனபோது சம்பந்தியம்மா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"எங்க கூட்டிக்கினு போவப் போற? மேட்டுல கீத்து மறைப்புக்கா? பச்ச ஒடம்ப எங்க படுக்க வெப்ப?"

"ஐப்பசிக்குள்ள கல்லு வூடு எழும்பிடும்."

"எழும்பட்டும். அப்பால வா, நானே அனுப்பி வெக்கிறேன்."

சம்பந்தியம்மா கேட்டதில் தப்பில்லை என்று கலியம்மாளுக்கே தெரியும். அதனால்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

ஆவணியில் வேலை தொடங்கியது. பெண்கள் சாம்பலைச் சலித்தார்கள். சுண்ணாம்பு பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து போயிற்று, ராத்திரிச் சோற்றில் கை வைத்தால் எரிந்தது, நல்லெண்ணெய் தடவிக்கொண்டார்கள். மிஷின் கைப்பிடியில் இரண்டு பேர் சேர்ந்து தொங்கி அழுத்தினால் ஒரு கல் வெளியே வரும். கல் கருஞ்சாம்பல் நிறம், ஓரம் கத்தியால் வெட்டினாற்போல நேர். பச்சையப்பன் அதைக் கையில் வாங்கி நாலு பக்கமும் பார்த்தார். முப்பது வருஷத்தில் தன் கைக்கு அப்படி ஒரு ஓரம் வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. மத்தியானம் கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலியும் எல்லோருக்கும் கலியம்மாள் ஊற்றினாள். பதினான்கு நாளில் தொள்ளாயிரம் கல் ஆயிற்று. எழுநூறை மேட்டில் பந்தல் போட்டு அதன் அடியில் அடுக்கினார்கள். இடம் போதாமல் மிச்சம் இருநூறைப் பூவரச மரத்தடியில் அடுக்கினார்கள்.

சூசைநாதன் வெள்ளிக்கிழமைதோறும் பாகூரிலிருந்து சைக்கிளில் வருவார். வைக்கோலைத் தூக்கிப் பார்ப்பார், ஈரம் இருக்கும், திருப்தியாகப் போவார்.

பச்சையப்பனுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு வேளையும் குடத்துத் தண்ணீரைக் கல்லின் மேல் தெளிக்கும்போது கை கூசியது. பெற்ற பிள்ளையைத் தானே ஆற்றில் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று நடேசனிடம் சொன்னார். ஒன்பதாம் நாள் வைக்கோலை விலக்கிக் கட்டைவிரலால் ஒரு கல்லை அழுத்திப் பார்த்தார். ஈர மண் வாசனை வந்தது. நிமிர்ந்தால் வடக்கே மேகம்.

"இது ஆவறதில்ல" என்றார். "புரட்டாசி பொறந்துடிச்சி. இப்பவே இம்மாம் ஈரம். மழையும் சேந்துக்கினா மொத்தமும் கொழகொழன்னு பூடும். நாலு நாளு வெயிலு காட்டி எடுத்தா கல்லு இறுகிடும்."

"அந்தப் புள்ள படிச்சிப் படிச்சி சொல்லிட்டுப் போச்சேய்யா" என்றாள் கலியம்மாள். "வெயிலு படக் கூடாதுன்னு."

"அவுரு எத்தினி கல்லு அறுத்திருப்பாரு? நான் எத்தினி லச்சம் அறுத்திருப்பேன்? கல்லு காஞ்சாத்தான்டி கல்லு. என் கைக்குத் தெரியாததா?"

"வெள்ளிக்கெழம வந்து பாத்தா?"

"வெள்ளிக்கெழமைக்கு அடுக்கி மூடிடலாம். மேல தண்ணி தெளிச்சி வெச்சா போச்சி."

பந்தல் கீற்றைப் பிரித்தார். எழுநூறு கல்லையும் மேட்டில் பரப்பினார், புரட்டிப் புரட்டிக் காய வைத்தார். பார்த்தவர்கள் அதுவும் கல் வேலையில் ஒரு படி என்று நினைத்துக்கொண்டார்கள். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. சாரையும், பதினாறு குடும்பத்தையும், மகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பூவரச மரத்தடிக்கு வந்தபோது கலியம்மாள் குறுக்கே நின்றாள்.

"இத உட்டுடு. இது எம் பொறுப்பு. நான் தெளிச்சிக்கிறேன்."

"சேறாப் போவும்."

"போனா போவுது. யாரோ ஒருத்தர் பேச்சையாவது கேட்டு வெப்போம்."

"இன்னாவோ பண்ணு" என்று விட்டுவிட்டார். இருபத்தெட்டு நாளும் அவள் குடம் சுமந்தாள்.

சுவர் வைக்கிற அன்று சூசைநாதன் வந்தார். பச்சையப்பன் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லால் தட்டிக் காட்டினார். கணீரென்றது. சார் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க கைராசி பச்சையப்பன்" என்றார். கலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சாந்து குழைத்தாள். பூவரசடிக் கல் கணீரென்று சொல்லவில்லை, கொஞ்சம் மந்தமாகத்தான் சத்தம் போட்டது. அவற்றையெல்லாம் வாசலில் நிற்பவர் கண்ணில் படாத வடக்குப் பக்கச் சுவருக்கு ஒதுக்கினார் பச்சையப்பன்.

வீடு எழும்பியது. ஓர் அறை, முன்னால் கொஞ்சம் கூடம், மேலே பனங்கை போட்டுக் கீற்று. பால் காய்ச்சினார்கள். சம்பந்தியம்மா வந்து சுவரைத் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டுகிறதா என்று தேய்த்தும் பார்த்து, மருமகளை விட்டுப் போனாள். ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் பாகூர் ஆஸ்பத்திரியில் வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புது வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு வீட்டுப் பெண்களும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். பாதிப்பேர் குழந்தையைப் பார்த்தார்கள், பாதிப்பேர் சுவரைத்தான் பார்த்தார்கள்.

குழந்தைக்குப் பதினோரு நாள் ஆனபோது மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. நாலாம் நாள் காலையில் வசந்தாவுக்குப் பூண்டுக் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு, கூடச் சுவரில் கையை ஊன்றி எழுந்தாள் கலியம்மாள். கை உள்ளே போயிற்று. எடுத்துப் பார்த்தாள், விரலெல்லாம் சேறு. அடிவரிசைக் கல்லைத் தொட்டாள். ஊறின கேழ்வரகு மாவு மாதிரி இருந்தது.

"வசந்தா, புள்ளையத் தூக்கு" என்றாள். குரல் அவளுக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது. "கேள்வி கேக்காத. எழுந்திரு."

குழந்தையைப் புடவையில் சுருட்டிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மத்தியானம் தெற்குச் சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, கால் வலித்த ஆள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. அதன் பின்னால் கிழக்கு, மேற்கு. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து வடக்குச் சுவரின் மேல் தங்கி நின்றது. வாடைக்காற்றும் மழையும் நேராக அறைந்த சுவர் அதுதான். அது அசையவில்லை.

பச்சையப்பன் மழையில் நின்று வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கல்லோடு வாழ்ந்த மனுஷனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஜீப்பில் பெரிய இஞ்சினியர் வந்தார், பின்னால் சூசைநாதன். பெரியவர் சேற்றில் இறங்கவில்லை. ஜீப்பிலிருந்தபடியே பார்த்தார்.

"இதுதான் உம்ம கல்லா?"

சூசைநாதன் இடிந்த குவியலைக் கிளறினார். "எப்படின்னு தெரியல சார். இருபத்தெட்டு நாளும் ஈரத்துலதான் இருந்திச்சி. நானே வந்து பாத்தேன்."

"பச்ச ஒடம்புக்காரி மேல விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது?"

கலியம்மாள் புருஷனைப் பார்த்தாள். பச்சையப்பன் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. காலடியில் கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை பேர் நடுவில், கல் அறுக்கிறவன் கல்லைக் கெடுத்தான் என்று எப்படிச் சொல்வது? பதினாறு வீட்டுக்கும் இந்தக் கல் வேண்டாம் என்று எழுதிக்கொண்டு ஜீப் போயிற்று. சூசைநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

அன்று சாயங்காலமே ஏம்பலத்திலிருந்து கூண்டு வண்டி வந்தது. சம்பந்தியம்மா திட்டவில்லை. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "முப்பது நாளு தாய் வூட்டுல இருக்கறது வழக்கம். வூடு இருந்தா" என்று மட்டும் சொன்னாள். வண்டிக்குள்ளிருந்து வசந்தா அப்பாவைப் பார்த்தாள். அவர் நுகத்தடியில் பூட்டாங்கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டின் பக்கம் போய்விட்டார்.

மழைக்கு மேட்டுக் குடும்பங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தபோது நடேசன் எல்லோர் முன்னிலும் பேசினான். "டவுன்லேருந்து வந்து நம்ப தலையில சாம்பலக் கொட்டிட்டுப் பூட்டான் அந்தப் பையன். இந்தப் பக்கம் வரட்டும், சைக்கிளோட ஆத்துல எறக்குறேன்."

பச்சையப்பன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலியம்மாள் கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள்.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள், மெதுவாக.

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா ஊரு முன்னால உன்னக் காட்டிக் குடுத்தவளாயிடுவேன். நீ சொன்னா நீ மனுஷன்." கஞ்சியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ள சைக்கிள் ஏறக்கூட தெம்பில்லாம தள்ளிக்கினு போச்சு. பாத்தியா?"

அவர் கஞ்சியைக் குடிக்கவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. விழாமல் மிச்சமிருந்த கிழக்கு மூலையிலிருந்து ஒரு கல்லும், வடக்குச் சுவரிலிருந்து ஒரு கல்லும் எடுத்தார். இரண்டு சாக்கில் கட்டி, ஒரு கழியின் இரு முனையில் தொங்கவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு பாகூருக்கு நடந்தார். கொம்யூன் ஆபீசில் பியூனிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். பெரிய இஞ்சினியர் அறைக்கு வெளியே, ஆட்கள் போகிற வருகிற இடத்தில், இரண்டு கல்லையும் வாளியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினார். கூட்டம் சேர்ந்தது. பெரியவர் எழுந்து வந்தார். சூசைநாதனும் வந்தார்.

ஒரு கல்லிலிருந்து குமிழி வந்தது. ஓரம் கரைந்தது, நடு உப்பிப் பிளந்தது, கால் மணியில் வாளி கலங்கிப்போயிற்று. பச்சையப்பன் கையை விட்டு மற்றதை எடுத்தார். முழுசாக இருந்தது. வேட்டியில் துடைத்துப் பியூன் மேஜை மேல் வைத்தார்.

"இது எம் பொஞ்சாதி இருபத்தெட்டு நாளு தண்ணி தெளிச்ச கல்லு சார். கரைஞ்சது நான் வெயில்ல காய வெச்சது. ஒம்பதாம் நாளே காய வெச்சிட்டேன். வெள்ளிக்கெழம இவுரு வர்றப்போ வைக்கோலப் போட்டு மூடி ஏமாத்தினேன். இவுரு மேல தப்பில்ல. கல்லு மேலயும் தப்பில்ல."

சூசைநாதன் அவரையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பச்சையப்பனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். "கேட்டிருந்தா ஏன்னு வெளக்கிச் சொல்லியிருப்பேனே பச்சையப்பன்" என்று மட்டும் சொன்னார்.

"ரிப்போர்ட் போயிடுச்சி" என்றார் பெரியவர். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருநூறு கல்லு திரும்பப் போடுங்க. இருபத்தொம்பதாம் நாள் நானே வந்து தண்ணியில போட்டுப் பாப்பேன். வூடு கீடுன்னு எந்தப் பேச்சும் இப்ப கெடையாது. அப்பறம் பாக்கலாம்."

ஊருக்கு வந்து பச்சையப்பன் எல்லோரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். யாரும் அடிக்கவில்லை. அடிக்காமல் எழுந்து போனார்கள். நடேசன் கடைசியாக எழுந்தான்.

"என் வூட்டையும் சேத்துக் காய வெச்சிட்டியேய்யா" என்றான்.

அதன் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். தை மாசம் திரும்பக் கல் போட்டபோது உதவிக்கு ஒருவரும் வரவில்லை. சாம்பலைப் புருஷனும் பெண்டாட்டியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். மிஷின் கைப்பிடியில் இரண்டு பேரும் தொங்கினார்கள். பூவரசடியில் அடுக்கி, மூன்று வேளையும் பச்சையப்பனே தண்ணீர் தெளித்தார். கரியால் மரத்தில் நாளுக்கு ஒரு கோடு போட்டார்.

பத்தொன்பதாம் கோடு போட்ட அன்று, மாசியில் வரக்கூடாத மழை வந்தது. மத்தியானம், இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே கறுத்ததுதான் தெரியும், பச்சையப்பன் கையில் பிசைந்த சோற்றோடு எழுந்துவிட்டார். ஓலைத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மரத்தடிக்குப் போய்த் தட்டியை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். காற்று வைக்கோலை அள்ளிக்கொண்டு போயிற்று. பெரிய பெரிய துளியாகக் கல்லின் மேல் விழுந்தது.

"நனையட்டும் உடு" என்றாள் பின்னாலேயே வந்த கலியம்மாள்.

"தெரியுதுடி. கை எறங்க மாட்டேங்குது."

அவள் தட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி அவர் தலைக்கு மேலே பிடித்தாள். எதிரே குடிசை வாசலில் நடேசன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகளும் பக்கத்தில் நின்றாள்.

மழை அரை மணி அடித்து ஓய்ந்தது. பச்சையப்பன் குந்தி, மேல்வரிசைக் கல் ஒன்றின் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மழுங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். மூலை விரலில் குத்திற்று. நடேசன் வாசலை விட்டு இறங்கி வந்து, பறந்து கிடந்த வைக்கோலைப் பொறுக்கிக் கொண்டுவந்து கல்லின் மேல் பரப்பினான்.

பச்சையப்பன் விரலை எடுக்கவில்லை. வீடு இடிந்த அன்றும், மகளை வண்டி ஏற்றின அன்றும் அழாதவர், அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அந்த எழுநூறும் இப்பிடித்தான்டி இருந்திருக்கும்" என்றார்.